எந்தச் சுத்தம்?

பத்து பாகாட் என்றால் மலாய் மொழியில் உளியால் கொத்திய கல். ஜொகூர் மாநிலத்தின் மேற்குக் கரையில், மலாக்கா நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் மின்யாக் பெக்குவில் பாறையைக் குடைந்த பழைய கிணறு ஒன்று உண்டு. 15ஆம் நூற்றாண்டில் மலாக்காவைத் தாக்க வந்த சயாமியப் படை குடிநீர் தேடி அந்தப் பாறையைக் கொத்தியது, அதிலிருந்தே ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்பது உள்ளூர்க் கதை. எதிரே கடல் முழுக்கத் தண்ணீர். ஆனாலும் படை பாறையைத்தான் கொத்தியது. நல்ல தண்ணீர் எது என்பதில் கண்ணை நம்பக் கூடாது, நாக்கைத்தான் நம்ப வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. நாக்கையும் நம்ப முடியாது என்று தெரியவர இன்னும் நானூறு ஆண்டுகள் ஆயின.

இன்று அதே ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'கிளீன்' என்ற சொல் காதில் விழுகிறது! கார் கழுவும் இடத்தில், பள்ளிக்கூடத்தில், கிளினிக்கில், கல்யாண மண்டபத்தின் பின்கட்டில். தமிழர் வாயில் அது முழுக்க முழுக்கத் தமிழ் வினையாகிவிட்டது: கிளீன் பண்ணு, கிளீனா வை, கிளீன் பண்ணியாச்சா. மலாய்க்காரர் அதே இடத்தில் 'பெர்சே' என்கிறார். நகராண்மைக் கழகத்தின் பலகைகளிலும் அந்தச் சொல்தான். கேட்பவர் எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே பொருள்தான் புரிகிறதா என்றால், அங்கேதான் சிக்கல்.

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் ஓர் இடத்தில் நின்றதில்லை. ஜெர்மன் மொழியில் 'சின்ன' என்று பொருள்படும் 'கிளைன்' இதற்கு உடன்பிறப்பு. இரண்டுக்கும் மூலப்பொருள் பளபளப்பு. அழுக்கு போவதைவிட மினுங்குவதுதான் முதலில் இருந்தது. பிறகு குற்றமற்றவர் கிளீன், ஊக்கமருந்து எடுக்காத ஓட்டக்காரர் கிளீன், புகை கக்காத மின்சாரம் கிளீன் என்று அது பரவியது. அடியோடு மறந்துபோனதைச் சொல்லவும் ஆங்கிலேயர் இதே சொல்லைத்தான் எடுக்கிறார். தமிழரும் சொல்லிவைத்தாற்போல் 'சுத்தமா மறந்துட்டேன்' என்கிறார். சுத்தத் தங்கம், சுத்த சைவம், சுத்தப் பொய், கை சுத்தம் என்று நம் வீட்டுச் சொல்லும் அதே அளவுக்கு ஊர் சுற்றியதுதான்.

பொருள் பல இருப்பதில் ஆபத்தில்லை. ஒரு சுத்தத்துக்கு வாங்கிய சான்றிதழை இன்னொரு சுத்தத்துக்காகச் சுவரில் மாட்டும்போதுதான் ஆபத்து.

சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவில் உணவகச் சுத்தத்துக்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, சுகாதாரக் கேடான கடையை 14 நாள் வரை மூடச் சொல்லலாம். உணவுச் சுகாதார விதிமுறைகள் 2009இல் வந்தன. சமைப்பவரும் பரிமாறுபவரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், ஏப்ரன் கட்ட வேண்டும், தலையை மூட வேண்டும். ஊராட்சி மன்றம் வந்து பார்த்து ஏ, பி, சி என்று தரம் கொடுக்கிறது. பணம் வாங்கும் மேசைக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில், அந்த எழுத்து கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும்.

இனி மேசையைப் பாருங்கள். ஒருவர் வாழையிலையை மடித்துவிட்டு எழுகிறார். பையன் வருகிறான். கையில் ஒரு நீலத் துணி. இலையை அள்ளிப் பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டு, அந்தத் துணியால் மேசையின் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே வீச்சு. மேசை பளிச்சென்று ஈரமாக மினுங்குகிறது. அடுத்த மேசைக்கும் அதே துணி, அதற்கடுத்ததற்கும் அதே. மதியம் இரண்டு மணிக்கு அந்தத் துணியில் காலையிலிருந்து வந்த எல்லா மேசைகளின் குழம்பும் இருக்கிறது. மேசைகள் அத்தனையும் கண்ணுக்குச் சுத்தம். கிருமிக் கணக்கில் அவை இப்போது ஒரே மேசை.

கழுவுவது, கிருமியைக் குறைப்பது, கிருமியைக் கொல்வது என்பவை மூன்று தனித்தனி வேலைகள் என்று சுகாதாரத் துறையினர் பிரித்துச் சொல்கிறார்கள். சோப்பும் தண்ணீரும் அழுக்கையும் அதோடு பெரும்பாலான கிருமிகளையும் வழித்து அப்புறப்படுத்தும். 'சானிடைஸ்' என்பது மிச்சக் கிருமிகளைப் பாதுகாப்பான அளவுக்கு இறக்குவது. 'டிஸ்இன்ஃபெக்ட்' என்பது மருந்து போட்டுக் கொல்வது. அறுவை மேசைக்கு வேண்டியது இவற்றுக்கும் மேலே ஒரு படி. வரிசை மாறக் கூடாது. அழுக்கு இருக்கும்போது மருந்து ஊற்றினால் மருந்து அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். மண் ஒட்டிய கையில் சானிடைசர் தேய்ப்பது பயன்படாததும் இதனால்தான். நம் பேச்சில் இந்த மூன்றுமே கிளீன்.

2018 மே மாதம் கோலாலம்பூர் பங்சாரில் ஒரு வாழையிலை உணவகத்தின் பணியாளர்கள் பின்சந்தில், தரையில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் தட்டுகளைக் கழுவும் காணொளி நாடெங்கும் பரவியது. கடை மூடப்பட்டது. மக்களை உலுக்கியது அழுக்கு என்பதைவிட, அத்தனை நாள் முன்பக்கம் பார்த்து நம்பினோமே என்ற ஏமாற்றம்தான். ஆய்வாளர் வருவது என்றோ ஒரு நாள். அவர் பார்ப்பது அந்த நேரத்து அடுப்படியை. சுவரில் தொங்குகிற எழுத்தோ 365 நாளும் பேசுகிறது. தரம் கொடுப்பது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அந்த எழுத்துக்குப் பக்கத்தில் கடைசியாகச் சோதித்த தேதியைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னால் பாதிப் பேச்சு அடங்கும்.

கண்ணும் நாக்கும் சேர்ந்து ஏமாந்த கதைக்கு 1854 லண்டன்தான் பேர்போனது. பிராட் தெருக் குழாயின் தண்ணீர் தெளிவாக இருந்தது; சுவையும் நன்றாக இருந்ததால், வேறு பகுதிக்குக் குடிபோன ஒரு விதவை அதைத் தினமும் வரவழைத்துக் குடித்து, காலராவில் இறந்தார். மருத்துவர் ஜான் ஸ்னோவுக்கு அந்தக் குழாயின் மீதிருந்த சந்தேகத்தை உறுதிசெய்த சாட்சிகளில் அதுவும் ஒன்று. நம் பக்கத்துச் சாட்சி ஏடிஸ் கொசு. சாக்கடையைக் காட்டிலும் தெளிந்து தேங்கிய நீரைத்தான் அது பெரிதும் தேடிப் போகிறது: பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம், சாமி மேடையில் மாற்ற மறந்த செம்புத் தண்ணீர். வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். மேற்பார்வைக்கு வருபவர் டார்ச் அடித்துப் பார்த்து, நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 500 ரிங்கிட் அபராதம் எழுதுவார். 'என் வீடு எவ்வளவு சுத்தம் தெரியுமா' என்று வீட்டுக்காரம்மா சண்டைக்குப் போவார். இருவர் சொல்வதும் உண்மை.

பத்து பாகாட்டுக்கு இந்தப் பாடம் ஒட்டுமொத்தமாக வந்தது 2023 மார்ச்சில். ஜொகூரில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீட்டைவிட்டு வெளியேற்றிய அந்த வெள்ளத்தில், மற்ற மாவட்டங்களில் நீர் வடிந்த பிறகும் பத்து பாகாட்டில் வடியவில்லை. யோங் பெங், ஸ்ரீ மேடான், பாரிட் சூலோங் வட்டாரங்கள் வாரக்கணக்கில் தண்ணீரில் நின்றன. காரணம் நிலத்திலேயே இருக்கிறது. மாவட்டம் தட்டையானது, களிமண்ணும் கரிச்சேற்று மண்ணும் கலந்த மென்நிலம். பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இந்த மென்மண்ணை ஆராயவே தனி மையம் வைத்திருக்கிறது. சிம்பாங் கிரி, சிம்பாங் கானான் ஆறுகள் மெல்ல இறங்கிக் கடலுக்கு வரும்போது எதிரே ஓதம் ஏறியிருந்தால் நீர் போக வழியில்லை. ஓடாமல், ஏறாமல், இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கும் இந்த வெள்ளத்துக்கு மலாயில் 'பாஞ்சிர் தெர்மெனோங்' என்று பெயர், யோசனையில் ஆழ்ந்த வெள்ளம். பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ்.

அப்படி உட்கார்ந்த நீர் எழுந்துபோன பின் வீட்டில் நுழைபவருக்கு முதலில் தெரிவது சுவரில் இழுத்த கோடு. கோட்டுக்குக் கீழே பழுப்பு, மேலே பழைய வெள்ளை. மெத்தை தண்ணீர் குடித்து இரண்டு ஆள் தூக்க முடியாத கனம். குளிர்சாதனப் பெட்டி மல்லாந்து கிடக்கிறது. எல்லோருக்கும் முதலில் கை போவது குளோராக்ஸ் பாட்டிலுக்கு. அங்கேதான் தவறு தொடங்குகிறது. சேற்றை முதலில் அள்ள வேண்டும், பிறகு சோப்புத் தண்ணீரால் தேய்க்க வேண்டும், அதன் பிறகே குளோரின். சேற்றின் மேல் ஊற்றிய குளோரின் சேற்றோடு போகும், மணம் மட்டும் மிஞ்சும். கழிப்பறை கழுவும் அமிலத்தையும் குளோராக்ஸையும் 'இன்னும் கிளீன் ஆகட்டும்' என்று கலந்தாலோ எழுவது நச்சு வாயு. மெத்தையையும் நுரைப்பஞ்சு நாற்காலியையும் எதுவும் காப்பாற்றாது. தூக்கிப் போடத்தான் வேண்டும். காலில் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் மலேசியாவில் 2010 டிசம்பர் முதல் அரசுக்கு அறிவித்தாக வேண்டிய நோய்களில் ஒன்று. வீடு முன்னைப்போல் மினுங்க ஆரம்பித்து ஒரு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும்.

மணத்தைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் வீட்டோடு நிற்பதில்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு, லோரிகள் சாலையெங்கும் கிருமிநாசினி பீய்ச்சிக்கொண்டு போனதைப் பல ஊர்கள் பார்த்தன. தெருவில் மருந்தடிப்பதால் கொரோனாவுக்குப் பயனில்லை, அது பரிந்துரைக்கத் தக்கதுமல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் மே மாதத்தில் சொன்னது. ஆனால் அந்த லோரியைப் பார்த்த மக்களுக்கு ஏதோ நடக்கிறது என்ற நிம்மதி கிடைத்தது. அரசுகளுக்கு அது போதுமாக இருந்தது.

கிருமிக் கணக்கோடு சேராத இன்னொரு சுத்தமும் உண்டு. பத்து பாகாட்டுக்கு வடக்கே அடுத்த பெரிய ஊர் மூவார். 2017 செப்டம்பரில் அங்கே ஒரு சுயசேவைத் துணி வெளுக்கும் கடை, துணியின் தூய்மையைக் காரணம் காட்டி, முஸ்லிம்களுக்கு மட்டும் என்று பலகை வைத்தது. ஷாஃபி மரபுப்படி நாய், பன்றி பட்ட பொருளை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். 'செர்து' எனப்படும் இந்த முறை ஒரு வழிபாட்டு ஒழுங்கு. நம்பிக்கை உள்ளவருக்கு அதன் மதிப்பைப் பற்றி யாரும் கேள்வி கேட்கத் தேவையில்லை. ஆனால் பொதுக் கடையின் கதவில் அது ஏறியதும், பக்கத்து வீட்டுக்காரரின் சட்டையே அசுத்தம் என்ற பொருள் வந்துவிட்டது. ஜொகூர் ஆட்சியாளரும் இன்றைய மாமன்னருமான சுல்தான் இப்ராகிம் கடுமையாகக் கண்டித்தார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார், பலகை இறங்கியது. சுல்தானின் கண்டிப்பை விமர்சித்து, பிற இனத்தாரின் உடல் சுத்தத்தையே இழிவாகப் பேசிய ஒரு மதபோதகர் அக்டோபரில் போலீஸ் விசாரணைக்கு உள்ளானார். மலாயில் இதற்கென்றே 'பெர்சே', 'சூச்சி' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. முதலாவது அழுக்கில்லாமை, இரண்டாவது சமயத் தூய்மை. சலவை இயந்திரத்துக்கு முதலாவது மட்டுமே தெரியும்.

தமிழர்களுக்கு இதைப் பார்த்து உச்சுக்கொட்ட உரிமை குறைவு. வாசல் தெளித்துக் கோலம் போட்ட கை, குப்பையைப் பக்கத்து வாசலுக்குத் தள்ளுவதை நாம் அறிவோம். எச்சில் பார்ப்பதில் கிருமி அறிவு கொஞ்சம் உண்டு. வாயில் படாமல் தண்ணீர் அண்ணாந்து குடிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதே வீட்டில் வேலைக்காரருக்குத் தனித் தம்ளர் வைத்ததற்கு எந்தக் கிருமியும் பொறுப்பல்ல. தீட்டு என்று ஒதுக்கிய மனிதர்களிடம்தான் ஊரின் அழுக்கை அள்ளும் வேலையும் ஒப்படைக்கப்பட்டது. இந்தியாவில் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுக்க 2013இல்கூட ஒரு புதிய சட்டம் தேவைப்பட்டது.

மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழரின் சுத்தத்தையோ மற்றவர்கள் அளந்தார்கள். 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் குழு, பனாமாவில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் டார்லிங் தலைமையில் மலாயா, ஜாவா, ஃபிஜித் தீவுகளில் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. எத்தனை பேருக்குப் புழு இருக்கிறது என்பதோடு விடாமல், ஓர் ஆளுக்கு எத்தனை புழு என்றும் எண்ணினார்கள். வெறுங்காலோடு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், வெறுங்காலோடு பால்மரக் காட்டுக்குள் நடந்தவர்களின் கால் தோல் வழியாகப் புழு ஏறியது. கூலிக்காரன் சுத்தம் தெரியாதவன் என்பது துரைமாரின் பழைய புகார். லயத்துக்குக் கக்கூஸ் கட்டாததும் செருப்பு கொடுக்காததும் அந்தப் புகாரில் வராது. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரம் இப்போது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. இன்று அந்தச் சட்டம் பேசப்படுவது பெரும்பாலும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர் விடுதிகளைப் பற்றித்தான்.

அரசியலில் இந்தச் சொல் ஏறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். தேர்தல் சீர்திருத்தக் கூட்டணி 'பெர்சே' என்ற பெயரையே எடுத்துக்கொண்டு 2007 நவம்பர் 10இல் கோலாலம்பூரில் முதல் பெரும் பேரணி நடத்தியது. 2011 ஜூலையில் அம்பிகா ஸ்ரீனிவாசன் தலைமையில் இரண்டாவது. அந்த அமைப்பைச் சட்டவிரோதம் என்றார்கள். பிறகு கூட்டணியின் மஞ்சள் சட்டைக்கே தடை போட்டார்கள். ஒரு நாட்டில் 'சுத்தம்' என்று எழுதிய சட்டை குற்றப் பொருளானது சாதாரண சாதனையல்ல. கூட்டணி கேட்டவற்றில் ஒன்றான அழியா மை 2013 பொதுத்தேர்தலில் முதன்முதலாக விரலில் ஏறியது. அது தண்ணீரில் கழுவினாலே போய்விடுகிறது என்று வாக்காளர்கள் புகார் செய்தார்கள். போகக் கூடாத இடத்தில்தான் கறை இவ்வளவு எளிதாகப் போகும் போலிருக்கிறது.

ஊர்க் குப்பைக்கு வருவோம். திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம் 2007இல் நிறைவேறி, 2011 செப்டம்பர் 1 முதல் ஜொகூரில் நடப்புக்கு வந்தது. குப்பை அள்ளுவது ஊராட்சி மன்றத்திடமிருந்து கூட்டரசின் பொறுப்பாகி, மாநிலம் முழுவதும் எஸ்டபிள்யூஎம் என்ற குத்தகை நிறுவனத்திடம் போனது. 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்பது விதி: வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பைக்கு, ஒரு நாள் மறுசுழற்சிக்கும் பெரிய சாமான்களுக்கும். லோரி வந்து போனதும் தெரு சுத்தம். ஆனால் குப்பை போன இடத்தில்? பக்கத்துக் குளுவாங் மாவட்டத்துச் சிம்பாங் ரெங்காமில் குப்பைமேட்டின் கசிவுநீர் ஆற்றில் கலந்து, அம்மோனியா அளவு ஏறி, குடிநீர் நிலையங்கள் மீண்டும் மீண்டும் நிறுத்தப்பட்டன; 2019இல் அந்த மேடு மூடப்பட்டது. ஒரு தெருவின் சுத்தம் இன்னொரு வீட்டுக் குழாயில் வந்து சேர்ந்த கதை அது. அதே ஆண்டு மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய ரசாயனக் கழிவு ஆயிரக்கணக்கானோரை மருத்துவமனைக்கு அனுப்பி, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூட வைத்தது. கொட்டியவரின் தொழிற்சாலை வளாகம் அன்று காலை நிச்சயம் சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

ஏ தரப் பலகையிலும், 'பெர்சே, மெனாவான், வாங்கி' (சுத்தம், அழகு, மணம்) என்று மத்திய வீட்டுவசதி அமைச்சு நடத்தும் கழிப்பறை இயக்கத்திலும் ஒரு தகவலுக்கு இடமே இல்லை: கழுவியவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது. அரசுப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கூட்டித் துடைப்பவர்கள் பெரும்பாலும் குத்தகைக்காரரின் ஆட்கள். ஒரே பள்ளியில் இருபது ஆண்டு துடைப்பம் பிடித்தவரும், குத்தகை கைமாறும்போதெல்லாம் புது ஆளாகிறார், குறைந்தபட்சச் சம்பளத்திலிருந்தே மறுபடி தொடங்குகிறார் என்பது அரசாங்கக் குத்தகைத் தொழிலாளர்களின் கூட்டமைப்பான ஜேபிகேகே நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. தமிழ்நாட்டில் 2020இல் துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். பெயர் மாறி ஐந்தாண்டு கழித்து, 2025 ஆகஸ்டில் சென்னையில் அவர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தது தனியார்மயத்தை எதிர்த்து. பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது.

2026 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பொது இடத்தில் குப்பை போட்டுப் பிடிபட்டால் 2,000 ரிங்கிட் வரை அபராதத்தோடு, 12 மணி நேரம் வரை சமூகச் சேவையும் உண்டு. தெரு, சாக்கடை, கடற்கரை, பொதுக் கழிப்பறை என்று எதைச் சுத்தம் செய்யச் சொன்னாலும் செய்ய வேண்டும். சட்டம் தேவையானதுதான், அபராதப் பணத்தை விட்டெறிந்துவிட்டுப் போகிறவர்களுக்கு உறைக்கும். ஆனால் நீதிமன்றம் தண்டனையாகக் கொடுக்கும் இந்த வேலையை, பத்து பாகாட் கடைத்தெருவில் விடியுமுன் வந்து, 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட்டான குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தண்டிக்கப்பட்டவருக்கு அது அதிகம் போனால் ஒன்றரை நாள் வேலை.